பெஞ்ச்ரெஸ்ட் ஏர் ரைஃபிள்: சென்னையில் குறைந்த செலவில் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

பெஞ்ச்ரெஸ்ட் என்றால் என்ன?

கனமான மேசை முன் உட்கார்ந்து, ரைஃபிளின் முன்பகுதியை ஒரு மணல் பையிலும் ஸ்டாக்கின் (ரைஃபிளைத் தாங்கும் கட்டையின்) பின்பகுதியை இன்னொரு பையிலும் வைத்துச் சுடுவது. நின்று சுடும்போது வரும் உடல் ஆட்டமும் கை நடுக்கமும் இதில் பெரும்பாலும் அடங்கிவிடும். மீதி இருப்பவை ரைஃபிள், பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டு, காற்று, பிறகு ஒவ்வொரு முறையும் அதே செயலை அதே மாதிரி செய்யும் பழக்கம். இந்த நான்கில் கடைசியைக் கடையில் வாங்க முடியாது. குறைந்த பணத்தில் தொடங்குகிறவருக்கு அதுதான் பெரிய வாய்ப்பு.

உலக அளவில் ரிம்ஃபயர் (சிறிய வெடிமருந்துத் தோட்டா சுடும் ரைஃபிள்), ஏர் ரைஃபிள் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளை நடத்துவது டபிள்யூ.ஆர்.ஏ.பி.எஃப். கூட்டமைப்பு. ஏர் ரைஃபிளுக்கு 25 மீட்டர், ரிம்ஃபயருக்கு 50 மீட்டர். ஒரு அட்டையில் 25 வட்டங்கள், வட்டத்துக்கு ஒரே ஒரு குண்டு, முழு மதிப்பெண் 250. இலகு எடைப் பிரிவில் ஏர் ரைஃபிளின் ஆற்றல் வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வாங்கும் ரைஃபிளே இந்த வரம்புக்குப் போதும்.

உரிமம் வேண்டுமா?

ஆயுத விதிகள் 2016-இன்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேற்போகாமலும், குழல் வாய் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்போகாமலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து, ஆயுத வியாபாரியிடம் பில் போட்டு வாங்குங்கள். பில்லின் நகல் ஒன்று எப்போதும் ரைஃபிள் உறைக்குள் இருக்கட்டும். வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் பேச்சை அந்த ஒரு காகிதம் முடித்துவைக்கும்.

0.22 ரிம்ஃபயர் ரைஃபிள் ஏர்கன் அல்ல, வெடிமருந்து ஆயுதம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி அதற்கு உரிமம் கட்டாயம். தொடக்கத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

‘ஸ்பிரிங் மாற்றி பவர் ஏற்றித் தருகிறேன்’ என்பவரிடம் ரைஃபிளைக் கொடுக்காதீர்கள். 0.51 கிராம் பெல்லட் நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் 20 ஜூல் வந்துவிடும். அதைத் தாண்டினால் கையில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம். கூடுதல் பவரால் உதையும் அதிர்வும் கூடுமே தவிர, குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் சிதறும் அளவு) சிறிதாகாது.

மொட்டை மாடியில் சுடலாமா?

வேண்டாம். குறி தவறிய 4.5 மி.மீ. பெல்லட் சில நூறு மீட்டர் போகும், அருகில் இருப்பவரின் கண்ணைப் பறிக்கும். சென்னையில் எந்த மாடியைச் சுற்றியும் ஜன்னல், துணி காயப்போடும் ஆள், தண்ணீர்த் தொட்டி இருக்கும். காக்கை, புறா, அணில் எதன் மீதும் குறி வைக்கவே கூடாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை, அது விளையாட்டே அல்ல.

அப்படியானால் எங்கே சுடுவது?

முதல் வழி கிளப். எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. வேளச்சேரி குரு நானக் கல்லூரியில் துப்பாக்கிச் சுடும் தளம் இருக்கிறது. தனியார் பயிற்சிக் கூடங்களும் நகரில் உண்டு. இவை பெரும்பாலும் 10 மீட்டர் நின்று சுடும் போட்டிக்கானவை. மேசையோடு போய் இறங்காமல், ‘சப்போர்ட் வைத்துச் சுட ஒரு லேன் கிடைக்குமா, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு’ என்று முதலில் கேளுங்கள். ஒரு மாதம் அங்கே கிளப் ரைஃபிளில் சுட்டுப் பார்த்த பிறகு சொந்தமாக வாங்குவது நல்லது. பாதுகாப்பு ஒழுங்கு உடம்பில் ஊறுவது அங்கேதான்.

இரண்டாவது, வீட்டுக்குள். 10 மீட்டர் என்பது சுமார் 33 அடி. சென்னை அடுக்ககங்களில் ஹாலிலிருந்து படுக்கையறைக் கடைசிச் சுவர் வரை நேர்கோட்டில் 23 அடி கிடைத்தாலே 7 மீட்டர் ஆகிவிடும். டார்கெட்டை 70 சதவீத அளவில் அச்சிட்டுக்கொண்டால் போதும். சுடும் பாதையில் திறக்கும் கதவு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ‘இப்போது சுடுகிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் சொந்த நிலமோ, உரிமையாளர் சம்மதம் தந்த நிலமோ இருந்தால் 25 மீட்டர். பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை இருக்க வேண்டும். பாறை, கருங்கல் சுவர், தண்ணீர் இவை பின்னணியாக இருந்தால் குண்டு தெறிக்கும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது பிறகு வரும் பல தொந்தரவைத் தவிர்க்கும்.

25,000 ரூபாய்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

ரைஃபிளுக்கு 12,000-க்குள். ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), அதை ரைஃபிளில் பிடித்து நிறுத்தும் மவுண்ட் இரண்டுக்கும் 5,500. பெல்லட்டுக்கு 3,500. மேசை, மணல் பை, பெல்லட் டிராப்புக்கு (சுட்ட குண்டைப் பிடிக்கும் பெட்டி) 2,500. பாதுகாப்புக் கண்ணாடி, வெர்னியர் (மி.மீ. பின்னம் வரை அளக்கும் அளவுகோல்), எண்ணெய், அட்டை எல்லாம் சேர்த்து 1,500. விலை கடைக்குக் கடை மாறும். இந்த விகிதத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

தொடங்குகிறவர்கள் 20,000-ஐ ரைஃபிளிலேயே போட்டுவிட்டு, ஒரே ஒரு டின் பெல்லட்டும் சாப்பாட்டு மேசையும் தலையணையுமாக உட்காருவதுதான் அடிக்கடி நடப்பது. அந்த ஏற்பாட்டில் எவ்வளவு நல்ல ரைஃபிளும் தன் திறனைக் காட்டாது. நடுத்தர ரைஃபிள், அசையாத மேசை, நான்கு வகை பெல்லட் என்று தொடங்குகிறவர் மூன்று மாதத்தில் முன்னால் போய்விடுவார்.

எந்த ரைஃபிள்? ஸ்பிரிங்கா, பி.சி.பி.யா?

ஸ்பிரிங் ரைஃபிளில், டிரிக்கரை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும், பிஸ்டன் காற்றை நெருக்கும், அந்தக் காற்று பெல்லட்டை வெளியே தள்ளும். பம்ப், சிலிண்டர் எதுவும் வேண்டாம் என்பதால் செலவு குறைவு. ஆனால் பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் அசையத் தொடங்கிவிடும். முதலில் பின்னால் ஒரு உதை, உடனே முன்னால் ஒரு உதை. பெஞ்ச்ரெஸ்டில் ஸ்பிரிங் ரைஃபிளைப் பழக்குவது கடினம் என்பதற்குக் காரணம் இதுதான்.

பி.சி.பி. ரைஃபிளில் ஏற்கெனவே நெருக்கி நிரப்பிய காற்று, பெரும்பாலும் 200 பார் அழுத்தத்தில், சிலிண்டரில் இருக்கும். உதை மிகக் குறைவு. மணல் பையில் எப்படி வைத்தாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. பெஞ்ச்ரெஸ்டுக்கு ஏற்றது இதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் ரைஃபிளோடு கை பம்ப் விலையும் சேரும்.

மொத்தம் 25,000-க்குள் என்றால் ஸ்பிரிங். அதைவிட இரண்டு மடங்கு, ஆறு மாதம் சேமித்தால் வரும் என்றால், காத்திருந்து ஒற்றைக் குண்டு போடும் சாதாரண பி.சி.பி. வாங்குங்கள். பிரிசிஹோல், எஸ்.டி.பி., ஐ.எச்.பி. என்று இந்தியத் தயாரிப்புகள் உண்டு. ஸ்பிரிங்கில் வாங்கினால், விளம்பரத்தில் ‘மேக்னம்’, ‘அதிக வேகம்’ என்று கத்தும் மாடலை விட்டுவிட்டு 10 முதல் 14 ஜூல் வரையுள்ள மாடலைக் கேளுங்கள். பவர் குறைந்த ஸ்பிரிங் ரைஃபிளில் உதை குறைவு, பேரலை மடக்கி ஏற்றுவது எளிது, ஐம்பது குண்டு சுட்டும் தோள் சலிக்காது.

கடையில் பார்க்க வேண்டியவை: பேரலை மடக்கி மூடியதும் பக்கவாட்டில் ஆட்டம் இருக்கிறதா, டிரிக்கர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுபடுகிறதா, ஸ்டாக் திருகுகள் மரத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கின்றனவா, ஸ்கோப் ஏற்றும் பள்ளத்தின் முடிவில் மவுண்ட் ஊசி இறங்க ஒரு துளை இருக்கிறதா. குண்டு போடாமல் ஸ்பிரிங் ரைஃபிளைச் சும்மா சுட்டுப் பார்க்க விடாதீர்கள். முன்னால் காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் நேராகப் போய் இடித்து சீல் கெடும்.

ஸ்கோப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டே விஷயம். ஒன்று, ஸ்பிரிங் ஏர்கன் உதையைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும். வெடிமருந்து ரைஃபிளுக்கான ஸ்கோப் பின்பக்க உதையை மட்டும் தாங்கும்படி செய்யப்பட்டது. ஸ்பிரிங் ரைஃபிளின் முன்பக்க உதையில் அதன் உள்ளே கண்ணாடியும் குறுக்கிழையும் கழன்றுவிடும்.

இரண்டு, முன் கண்ணாடியைத் திருப்பி தூரம் சரிசெய்யும் ஏ.ஓ. வசதி, 10 கெஜம் வரை இறங்க வேண்டும். சாதாரண ஸ்கோப் 100 கெஜத்துக்கு நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். 10 மீட்டரில் டார்கெட் மங்கும். அதைவிட மோசம், கண் கொஞ்சம் நகர்ந்தாலும் குறுக்கிழை டார்கெட் மீது நகரும். ரைஃபிளைப் பையில் அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் இடவலமாக ஆட்டிப் பாருங்கள். இழை நகர்ந்தால் ஏ.ஓ. வளையத்தை மெதுவாகத் திருப்பி, நகர்வு நிற்கும் இடத்தில் விடுங்கள். வளையத்தில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம்.

9 மடங்கு பெருக்கம் தாராளம். மவுண்ட் ஒரே துண்டாக, அடியில் தடுப்பு ஊசியோடு இருக்கட்டும். பொருத்திய பிறகு மவுண்ட் ஓரத்தில் ரைஃபிள் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மவுண்ட் நகர்ந்தால் முதலில் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

மேசைக்கு என்ன செய்வது?

சொந்த இடம் என்றால் கடப்பா கல். 4 அடிக்கு 2 அடி, 30 மி.மீ. தடிமன் பலகை சுமார் 60 கிலோ இருக்கும். 8 அங்குல ஹாலோ பிளாக்கை நான்கு வரிசை சிமென்ட் வைத்துக் கட்டி மேலே போட்டால் உயரம் 83 செ.மீ. வரும். சாதாரண நாற்காலியில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்தால் தோள் சரியாக வந்து சேரும். பிளாக்கைக் கட்டாமல் வெறுமனே அடுக்காதீர்கள், அந்தக் கல் காலில் விழுந்தால் எலும்பு மிஞ்சாது.

வாடகை வீட்டில் பழைய மரமேசை போதும். மேசையின் குறுக்குச் சட்டத்தின் மேல் 20 கிலோ மணல் மூட்டையை வைத்தால் ஆட்டம் அடங்கும். நான்கு காலில் ஒன்று தரையைத் தொடாமல் இருந்தால் மடித்த அட்டை திணியுங்கள். சோதனை எளிது: ஸ்கோப் வழியாகப் பார்த்தபடி இன்னொருவரை மேசையில் விரலால் தட்டச் சொல்லுங்கள். குறுக்கிழை துள்ளி உடனே நின்றால் சரி, ஆடிக்கொண்டே இருந்தால் மேசை இன்னும் தயாராகவில்லை.

மணல் பையை வீட்டிலேயே தைக்கலாமா?

தைக்கலாம், தைக்கவும் வேண்டும். பழைய ஜீன்ஸ் கால் துணி இதற்கென்றே பிறந்தது. முன் பைக்கு 25 செ.மீ.க்கு 15 செ.மீ. வெட்டி, இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். தெருமுனைத் தையல்கடையில் ஐந்து நிமிட வேலை. உள்ளே மெல்லிய பருத்தித் துணியில் இன்னொரு பை இருந்தால் தூசி கசியாது.

மணல் விஷயத்தில் கவனம் வேண்டும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, பை தொடும் இரும்பை எல்லாம் துருப்பிடிக்க வைக்கும். எம்.சாண்டில் மாவுப் பொடி அதிகம். ஆற்று மணலோ மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெல்லிய மணலோ வாங்கி, சலித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பத்தில் ஒன்பது பங்கு நிரப்புங்கள்.  அரிசி, பயறு போடுகிறவர்கள் உண்டு. நம் ஊர் ஈரத்தில் இரண்டே மாதத்தில் வண்டு வரும்.

பின் பை இதைவிடச் சிறியதாக இருந்தால் போதும். மேல்பக்கம் நடுவே ஒரு பள்ளம் விழும்படி இரு பக்கமும் காது போலத் தைத்தால், ஸ்டாக்கின் அடி அந்தப் பள்ளத்தில் உட்காரும். ரைஃபிளின் முன்பகுதியை நேராகப் பையில் வைத்துச் சுடும்போது, இடது கையால் இந்தப் பையைப் பக்கங்களிலிருந்து பிதுக்கினால் குறி கீழிறங்கும், தளர்த்தினால் ஏறும். உயரம் சரிசெய்யும் சக்கரம் வைத்த விலையுயர்ந்த தாங்கி செய்யும் வேலையை இந்தக் கை செய்துவிடும். ரைஃபிள் வழுக்கிப் போக, முன் பை மேல் கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள்.

ஸ்பிரிங் ரைஃபிளைப் பையில் வைத்தால் குண்டு எங்கெங்கோ போகிறதே?

தொடங்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ரைஃபிள் உதைக்கும்போதே பெல்லட் பேரலுக்குள் இருப்பதால், அந்த உதையை எது எப்படித் தடுக்கிறது என்பதைப் பொறுத்துக் குண்டு படும் இடம் மாறும். கடினமான தாங்கியில் வைத்தால் ரைஃபிள் அதிலிருந்து எம்பும். இறுக்கிப் பிடித்தால், ஒவ்வொரு முறையும் இறுக்கம் கொஞ்சம் மாறும், அதோடு குண்டும் மாறும்.

செய்ய வேண்டியது இது. முன் பையின் மேல் இடது உள்ளங்கையை விரித்து வைத்து, அதன் மேல் ரைஃபிளை வையுங்கள். விரல்கள் மூடக் கூடாது. டிரிக்கர் கார்டுக்கு (டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையம்) முன்னால் எடை சமமாக நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். பின்பக்கத்தைத் தோள் தொட்டால் போதும், இழுக்க வேண்டாம். வலது கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கன்னம் ஸ்டாக்கை இறகு படுவது போல் மட்டும் தொடட்டும். ரைஃபிள் எப்படி உதைக்க நினைக்கிறதோ அப்படி உதைக்க விடுவதுதான் உத்தி.

கை நிலைத்த பிறகு, உள்ளங்கை இருக்கும் இடத்தை 2 செ.மீ. முன்னால் தள்ளி ஐந்து குண்டு, 2 செ.மீ. பின்னால் தள்ளி ஐந்து குண்டு சுடுங்கள். மூன்று குரூப்பில் ஒன்று கண்ணுக்குத் தெரிகிற அளவு சிறிதாக இருக்கும். அந்த இடத்தில் ஸ்டாக்கில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இனி ஒவ்வொரு குண்டுக்கும் கை அந்த டேப்பில்தான். சிலருடைய ரைஃபிள் கை இல்லாமல் மென்மையான பையில் நேரடியாகவே நன்றாகச் சுடும். அதையும் இதே முறையில் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

பேரலை மடக்கிப் பெல்லட் போடும்போது மறு கை பேரலை விட்டு விலகவே கூடாது. பிடி நழுவினால் பேரல் திரும்பி அடிக்கும் வேகத்தில் விரல் போகும். சுடும் நேரம் வரை விரல் டிரிக்கர் கார்டுக்கு வெளியே.

எந்தப் பெல்லட்?

எந்த ரைஃபிளுக்கும் இன்னதுதான் என்று யாரும் வாங்காமலே சொல்ல முடியாது. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் இரண்டு ரைஃபிள் வேறு வேறு பெல்லட்டை விரும்பும். 10 மீட்டருக்கு முன்பக்கம் தட்டையான வாட்கட்டர், காகிதத்தில் சுத்தமான வட்டத் துளை போடும். 25 மீட்டருக்கு உருண்டைத் தலை, அதாவது டோம் வகை, காற்றை நன்றாகக் கிழித்துப் போகும். கூர்முனை, உள்குழிவு முனை என்று அலங்கார வடிவங்களை விட்டுவிடுங்கள்.

எடை 7 முதல் 8.5 கிரெய்ன், அதாவது 0.45 முதல் 0.55 கிராம் வரை. ஒரு இந்தியத் தயாரிப்பு, ஜே.எஸ்.பி., எச். அண்ட் என்., ஆர்.டபிள்யூ.எஸ். என்று நான்கு டின் போதும். நான்கு நண்பர்கள் ஆளுக்கு ஒரு டின் வாங்கிப் பங்கிட்டுச் சோதித்தால் இன்னும் மலிவு. டின் மேல் 4.50, 4.51, 4.52 என்று தலை விட்டம் போட்டிருக்கும், அதுவும் வித்தியாசம் செய்யும்.

சோதனை: வகை மாற்றியதும் முதல் பத்து குண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், பேரலுக்குள் பழைய ஈயப் படலம் மாற அவகாசம் வேண்டும். பிறகு ஐந்து குண்டு வீதம் ஐந்து குரூப். ஐந்தின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நல்ல குரூப்பைப் பார்த்து பெல்லட்டைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த வாரம் ஏமாற்றம்தான்.

பாவாடை (பின்பக்க விளிம்பு) வளைந்த பெல்லட்டைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கலாம். இலேசாகச் சாய்த்த கண்ணாடி மேல் உருட்டினால் நல்லது சீரான வளைவில் உருளும், கெட்டது தத்தும். 0.01 கிராம் தராசில் நிறுத்துப் பிரிப்பது வீண் வேலை. அந்தத் தராசின் ஒரு படியே 0.15 கிரெய்ன், நீங்கள் தேடும் வித்தியாசம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

குரூப்பை எப்படி அளப்பது?

மிகத் தொலைவில் உள்ள இரண்டு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை வெர்னியரால் அளந்து, 4.5 மி.மீ. கழியுங்கள். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாள் கிழியும், அளவு தவறும். ஜெராக்ஸ் கடையில் 200 ஜி.எஸ்.எம். அட்டை கேளுங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ என்று அச்சிட்டால் வட்டம் சுருங்கும், 100 சதவீதத்தில் (7 மீட்டருக்கு என்றால் 70-இல்) அச்சிட்டு ஸ்கேலால் ஒருமுறை சரிபாருங்கள்.

எதிர்பார்ப்பு: நல்ல ஸ்பிரிங் ரைஃபிள், பழகிய கை என்றால் 10 மீட்டரில் 5 முதல் 8 மி.மீ., 25 மீட்டரில் 15 முதல் 25 மி.மீ. நல்ல பி.சி.பி.யில் 25 மீட்டரில் 10 மி.மீ.க்குள் வரலாம்.

ஸ்கோப்பை எப்படி ஜீரோ செய்வது?

ஜீரோ செய்வது என்றால், குறுக்கிழை காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பின் திருகைத் திருப்புவது. கால் எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் 240-இல் ஒரு பங்கு) ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக், 10 மீட்டரில் சுமார் 0.7 மி.மீ., 25 மீட்டரில் சுமார் 1.8 மி.மீ. நகர்த்தும். 25 மீட்டரில் குரூப்பின் நடு 20 மி.மீ. கீழே என்றால் மேலே 11 கிளிக். ஒரு குண்டைப் பார்த்துத் திருப்பாதீர்கள், ஐந்து குண்டின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். மலிவு ஸ்கோப்பில் திருப்பியதும் இழை உடனே நகராமல், இரண்டு மூன்று குண்டின் அதிர்வில்தான் வந்து உட்காரும். அந்தக் குண்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 10 மீட்டருக்குச் செய்த ஜீரோ 25 மீட்டருக்கு உதவாது.

ரைஃபிள் பக்கவாட்டில் சாயக் கூடாது. சாதாரண வேகத்தில் 2 டிகிரி சாய்ந்தால் 25 மீட்டரில் சுமார் 3 மி.மீ. பக்கம் போகும். டார்கெட் பக்கத்தில் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலோடு ஸ்கோப்பின் செங்குத்து இழையைப் பொருத்துங்கள்.

சென்னைக் காற்றில் 25 மீட்டர் சுட முடியுமா?

காலை 6 மணி முதல் 8.30 வரை முடியும். கோடையில் முற்பகல் கழிந்து கடற்காற்று எழுந்துவிட்டால் தொடக்கநிலையில் இருப்பவர் மூட்டை கட்டிவிடலாம். 0.55 கிராம் பெல்லட், நொடிக்கு 240 மீட்டர் வேகம் என்றால், நொடிக்கு 2 மீட்டர் பக்கக் காற்று அதை 25 மீட்டரில் சுமார் 12 மி.மீ. தள்ளும். மரத்தில் இலை மட்டும் அசையும் காற்றே இது.

8 மீட்டரிலும் 16 மீட்டரிலும் ஒரு குச்சியில் மெல்லிய ரிப்பன் கட்டி நடுங்கள். உங்களுக்கு அருகில் இருக்கும் ரிப்பனுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். தொடக்கத்தில் தள்ளப்பட்ட பெல்லட் மீதி தூரம் முழுக்க அந்தப் பக்கமே விலகிப் போகும். குறியை மாற்றிக் காற்றைச் சமாளிக்க முயல்வதைவிட, ரிப்பன் ஒரே நிலைக்கு வரும்வரை காத்திருந்து சுடுவது முதல் வருடத்துக்கு நல்ல வழி.

பெல்லட் டிராப் எப்படிச் செய்வது?

12 மி.மீ. பிளைவுட்டில் 30 செ.மீ. சதுரம், 20 செ.மீ. ஆழத்தில் ஒரு பெட்டி. உள்ளே பின்பக்கம் 3 மி.மீ. எம்.எஸ். தகடு, மேல்முனை முன்னால் சாய்ந்தபடி. பட்ட குண்டு கீழே விழும். தகட்டை வெல்டிங் பட்டறையில் வெட்டித் தருவார்கள். தகட்டுக்கு முன்னால் பழைய போர்வை, ஜீன்ஸ் துணியை இடைவெளி இல்லாமல் திணித்து, முன்பக்கம் அட்டையால் மூடுங்கள். ஒரே இடத்தில் சுடச்சுடத் துணியில் சுரங்கம் விழும். 200 குண்டுக்கு ஒருமுறை கலைத்துத் திணியுங்கள், இல்லாவிட்டால் குண்டு தகட்டில் நேராகப் பட்டுத் திரும்பலாம். இரும்பு பி.பி. (உருண்டை) குண்டு இந்தப் பெட்டியில் கூடவே கூடாது.

பெல்லட் ஈயம். சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் காபி டம்ளரைக்கூடத் தொடாதீர்கள். டிராப் இருக்கும் இடத்தைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். துணியைத் தனியாக வையுங்கள். குழந்தைகள் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது.

நேற்று வரை நன்றாகச் சுட்டது, இன்று சிதறுகிறது. ஏன்?

இந்த வரிசையில் பாருங்கள். ஸ்டாக் திருகுகள்: ஸ்பிரிங் ரைஃபிளில் திடீர்ச் சிதறலுக்கு முதல் காரணம் இவைதான், ஒவ்வொரு முறை சுடும் முன்பும் திருகாணி வைத்துப் பாருங்கள். அடுத்து மவுண்ட், பென்சில் கோட்டைப் பாருங்கள். பிறகு பேரல் மூட்டில் ஆட்டம். பிறகு பெல்லட் டின், புது டின் வேறு தயாரிப்புத் தொகுதியாக இருக்கலாம். குண்டுகள் மேல் கீழாக மட்டும் சிதறினால் வேகம் மாறுகிறது என்று பொருள்: ஸ்பிரிங்கில் சீல் தேய்வு, பி.சி.பி.யில் அழுத்தம் குறைவு. இடவலமாக மட்டும் என்றால் காற்று, அல்லது டிரிக்கரைப் பக்கவாட்டில் இழுக்கும் விரல். இவை எல்லாம் சரியென்றால் ஸ்கோப்பை மாற்றிப் பாருங்கள். பேரலைச் சுத்தம் செய்வது கடைசி.

பி.சி.பி. வாங்கினால் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

நம் காற்றில் ஈரம் அதிகம். கை பம்பில் அது தண்ணீராகச் சேரும். 50 முறை பம்ப் அடித்ததும் நிறுத்தி, பம்ப் ஆறியதும், காற்றுத் திருகைத் திறந்து ஈரத்தை வெளியேற்றித் தொடருங்கள். சாதாரண எண்ணெய் சீலுக்குப் போடக் கூடாது, உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பிடிக்கும். சிலிக்கான் கிரீஸ் மட்டும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ரைஃபிளை நிரப்பினால் வெடிவிபத்து.

மே மாதத்தில் பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள். 30 டிகிரியில் 200 பார் நிரப்பியது 60 டிகிரியில் 220 பார் ஆகும்.

ரெகுலேட்டர் (ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றை விடும் பாகம்) இல்லாத ரைஃபிளில், முழு அழுத்தத்தில் வேகம் குறைவாகத் தொடங்கி, ஏறி, பிறகு இறங்கும். காற்று இல்லாத காலையில் 25 மீட்டரில் 40 குண்டை, வட்டத்துக்கு ஒன்றாக, வரிசையாகச் சுடுங்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை உயரம் மாறாமல் இருக்கிறதோ, அந்த அழுத்த எல்லைக்குள் மட்டும் போட்டி அட்டை சுடுங்கள்.

மழைக்காலத்தில் துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது?

ஃபோம் வைத்த உறை கொண்டுபோக மட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஃபோம் ஈரத்தைப் பிடித்துவைத்து, தொடும் இடமெல்லாம் துருப்பிடிக்கும். சுட்டதும் இரும்புப் பகுதியை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவிய துணியால் மறுபடி துடையுங்கள். நம் வியர்வை ரேகை ஒரே இரவில் பழுப்பாகும். பூட்டும் அலமாரியில் நிறுத்திவைத்து சிலிக்கா ஜெல் பை போடுங்கள். பெல்லட் டின் வேறு பூட்டில். பேரல் வழியாக எண்ணெய் ஊற்றாதீர்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் அது பிஸ்டன் அறைக்குள் போய், நெருக்கும் சூட்டில் பற்றி, புகையும் பலத்த சத்தமுமாக வெடிக்கும். சீலும் ஸ்பிரிங்கும் அதில்தான் கெடுகின்றன.

எப்போது நல்ல ரைஃபிளுக்கு மாறலாம்?

மாதம் இரண்டு டின், அதாவது ஆயிரம் பெல்லட் வீதம் மூன்று மாதம் சுட்டு, ஒவ்வொரு வாரமும் ஐந்து குரூப்பின் சராசரியை நோட்டில் எழுதிவாருங்கள். கடைசி ஆறு வாரம் சராசரி இறங்காமல் அப்படியே நின்றால், அதே ரைஃபிளை உங்களைவிட நன்றாகச் சுடுகிறவரிடம் கொடுத்து 25 குண்டு சுடச் சொல்லுங்கள். அவர் குரூப்பும் உங்களுடைய அளவே வந்தால் ரைஃபிளின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள், பி.சி.பி.க்குப் பணம் சேருங்கள். அவருடையது பாதி அளவு வந்தால் அந்தப் பணத்தில் பெல்லட் வாங்குங்கள்.